எவருடைய தண்ணீரில் நம் தூண்டில்?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் சென்னையின் நம் மஹல்லாக்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: ஞாயிற்றுக்கிழமை எங்கே போய்த் தூண்டில் போடலாம்? அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் வாயிலில் நிற்கும் இளைஞர்களில் ஒருவர் முட்டுக்காடு என்பார். இன்னொருவர் பழவேற்காட்டுக்கு ஈடில்லை என்பார். மூன்றாமவர் தாம் பிடித்த கொடுவாவின் படத்தைக் கைப்பேசியில் காட்டி, இடத்தின் பெயரை மட்டும் சொல்ல மறுப்பார். பிள்ளைகளோ வாப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இந்தப் பொழுதுபோக்கை நாம் வரவேற்கிறோம். ஒரு தந்தையும் மகனும் இரண்டு மணி நேரம் அருகருகே அமர்ந்து, திரையைப் பாராமல், நீரைப் பார்த்துக்கொண்டிருக்க இந்த நகரத்தில் வேறு எத்தனை வாய்ப்புகள் இருக்கின்றன? செலவும் பெரிதன்று. ஒரு கம்பு, ஒரு சுருள் தங்கூசி, நாலைந்து முள், ஓர் ஈயக்குண்டு, ஒரு கைப்பிடி இறால் போதும். எனவே, போகலாமா கூடாதா என்பது நம் கேள்வி அன்று. நல்ல இடம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதே கேள்வி. மீன் அதிகம் விழும் இடமே நல்ல இடம் என்று வழக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி அளவுகோல்கூட ஆகாது என்பது நம் கருத்து.

கடலின் வேட்டையும் அதன் உணவும் நமக்கு ஹலாலாக்கப்பட்டிருப்பதை அல்மாயிதா அத்தியாயத்தில் ஓதுகிறோம். கடற்கரைப் பயணத்தில் உணவு தீர்ந்து வாடிய ஸஹாபாக்களுக்கு அல்லாஹ் ஒரு பெரும் மீனைக் கரையொதுக்கிக் கொடுத்த நிகழ்ச்சியை ஹதீஸ் நூல்களில் படிக்கிறோம். (நண்டு, இறால் குறித்து மத்ஹபுகளிடையே உள்ள கருத்து வேறுபாட்டை இங்கே கிளறப் போவதில்லை, அவரவர் வீட்டு வழக்கமும் அவரவர் ஆலிமும் அதற்குப் போதும்.) ஆனால் அதே குர்ஆனில், அல்அஃராஃப் அத்தியாயத்தில், கடலோர ஊரொன்றின் வரலாறும் இருக்கிறது. தடுக்கப்பட்ட நாளில் மீன்கள் நீர்மட்டத்தில் தலைகாட்டின. மற்ற நாள்களில் வரவில்லை. அந்த ஊராரில் ஒரு சாரார் வரம்பை மீறினர். வெளிப்பார்வைக்குச் சட்டத்தைக் காப்பதுபோல் காட்டி, சூழ்ச்சியால் மீனைப் பிடித்தனர் என்பது முஃபஸ்ஸிர்கள் தரும் விளக்கம். மீன் ஹலால்தான், பிடித்த விதம்தான் அவர்களை அழித்தது. இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நீர்க்கரையைவிடப் பொருத்தமான இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மனிதர்கள் கூட்டாளிகள் என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். கூட்டாளி என்ற சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பொது நீர் என்றதும், யாருக்கும் உரிமையில்லாத நீர் என்று நம் மனம் பொருள் கொள்கிறது. கூட்டு வாணிகத்தில் இருப்பவரைக் கேளுங்கள். கூட்டாளியின் சொத்தில் கைவைப்பதற்குத் தன் சொத்தைவிடப் பன்மடங்கு கவனம் வேண்டும் என்பார். நம் நாட்டின் சட்டமும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் எழுந்த விடுதி தொடர்பான எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில், 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், ஆறு, கடற்கரை போன்ற இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளர் அன்று, மக்களுக்காக அவற்றைப் பொறுப்பேற்றிருக்கும் அறங்காவலரே என்று தீர்ப்பளித்தது. நாம் அமானிதம் என்று சொல்வதும் இதைத்தான்.

இனி, இளைஞர்கள் சொல்லும் இடங்களுக்கு வருவோம்.

முதலில் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி அது. டச்சுக்காரர்களின் கல்லறைகள், பழைய பள்ளிவாசல்கள், பனையோலையில் பெட்டி முடையும் நம் சமுதாயப் பெண்கள் என்று ஒரு நாள் முழுவதும் பார்ப்பதற்கு அங்கே இருக்கிறது. மீனுக்கும் குறைவில்லை. ஆனால் அந்த நீர் நமக்குத் தோன்றுவதுபோல் திறந்து கிடக்கும் நீர் அன்று. அங்கே 'பாடு' என்றொரு முறை பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. கழியின் மீன்பிடி இடங்களைப் பிரித்து, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடலாம் என்று மீனவக் கிராமங்கள் தமக்குள் குலுக்கல் போட்டு முடிவு செய்கின்றன. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல், ஏழைக்கும் ஒரு நாள் கிடைக்க வேண்டும் என்பதே அதன் உயிர். பாட்டில் இடம் கிடைக்காதவர்கள் அந்த நாளில் வேறு வேலையைத் தேட வேண்டியதுதான். ஓரத்தில் நின்று பார்க்கும் நமக்கு நீருக்குள் எந்தக் கோடும் தெரியாது. ஆனால் அந்தக் கோட்டின்மேல்தான் ஒரு குடும்பத்தின் அன்றைய உலை ஏறுகிறது.

நாம் காரில் போய் இறங்கி, வலை கட்டியிருக்கும் இடத்தில் முள்ளை வீசி, அது வலையில் சிக்கியதும் அறுத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தால், அவர் என்ன செய்வார்? பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். வெளியூர்க்காரரோடு சண்டை வேண்டாம் என்று வாய்மூடி இருப்பார். அந்த மௌனத்தை நாம் அனுமதி என்று எடுத்துக்கொள்கிறோம். கரையில் இறங்கியதும் ஸலாமோ வணக்கமோ சொல்லி, "அண்ணே, இங்கே தூண்டில் போடலாமா? உங்க வலைக்கு இடைஞ்சல் வருமா?" என்று கேட்க ஒரு நிமிடம் ஆகும். கேட்டவருக்கு அவரே நல்ல இடத்தைக் காட்டிக்கொடுப்பார். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் மடவை ஏறும் என்பதையும் சேர்த்துச் சொல்வார். காணொளிகள் சொல்லாததை அவர் சொல்வார்.

பழவேற்காட்டில் இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று அந்த நீரில் படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடும்பமாக உலா வந்தவர்கள் அவர்கள். மீன் ஆழத்தில் இருக்கிறது என்று யாரேனும் ஆசை காட்டினாலும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படகேறுவதை நாம் ஆதரிக்க மாட்டோம்.

அடுத்து ஏரிகள். புறநகரில் குடியேறியிருக்கும் நம் குடும்பங்களுக்கு ஏரிதான் அருகில் இருக்கிறது. விரால், கெண்டை, ஜிலேபி என்று பிள்ளைகளுக்கு எளிதில் விழும் மீன்கள் அங்கே உண்டு. ஆனால் தமிழ்நாட்டின் ஏரிகளில் பல, மீன் பிடிக்கும் உரிமைக்காக ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுகின்றன. குத்தகை எடுத்தவர் மீன்குஞ்சு வாங்கி விட்டு, காவல் போட்டு, சில மாதங்கள் காத்திருந்து அறுவடை செய்கிறார். நீரிலுள்ள மீன், பிடிக்கப்படும்வரை யாருக்கும் சொந்தமில்லை என்ற ஃபிக்ஹு விதியை ஓர் இளைஞர் நம்மிடம் மேற்கோள் காட்டியதுண்டு. அது கடலுக்கும் ஓடும் ஆற்றுக்கும் சொல்லப்பட்டது. அடைபட்ட நீரில் ஒருவர் தம் பணத்தால் வளர்த்த மீனுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. பொருத்துவதற்கு முன் ஓர் ஆலிமிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்பும், ஊராட்சியிலோ கரையிலிருக்கும் காவலரிடமோ இந்த ஏரி குத்தகையில் இருக்கிறதா என்று விசாரித்துவிடலாம். சிறு தொகை பெற்றுக்கொண்டு தூண்டிலுக்கு அனுமதிக்கும் குத்தகைக்காரர்களும் உண்டு. அந்தத் தொகையைக் கொடுத்துப் பிடித்த மீன் வீட்டுச் சட்டியில் வேறு ருசியாகத்தான் இருக்கும். செம்பரம்பாக்கம், புழல் போன்றவை நாம் குடிக்கும் நீர். தடைப்பலகை இருக்கும் இடத்தில் வேலியில் ஓட்டை தேடுவது நமக்கு அழகன்று.

மூன்றாவது, நமக்கு மிக நெருக்கமானதும் மிகவும் வேதனை தருவதும் எண்ணூர். வடசென்னையில் வாழும் நம் மக்களுக்குப் பேருந்தில் போகும் தூரம். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் அந்தக் கழிமுகம் ஒரு காலத்தில் இறாலுக்கும் நண்டுக்கும் பேர்போனது. அனல்மின் நிலையச் சாம்பல் அதில் படிந்தது. 2017 ஜனவரியில் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. அதை வாளிகளால் அள்ளிய காட்சியை நாம் மறந்திருக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து வந்து கழிமுகம் முழுவதும் படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன. அங்கே கைகளால் தடவி இறால் பிடித்து வாழும் இருளர் மக்கள் இருக்கிறார்கள். வலைகூட இல்லாத அவர்கள் அந்த எண்ணெய்க்குள்தான் கைவிட்டுத் துழாவ வேண்டியிருந்தது.

நாம் உண்பது ஹலாலாக இருப்பதோடு தய்யிபாகவும் இருக்க வேண்டும் என்பது மார்க்கத்தின் கட்டளை. அறுப்பு முறையைப் பற்றி அத்தனை கவனத்தோடு விசாரிக்கும் நாம், மீன் வந்த நீரைப் பற்றி விசாரிப்பதே இல்லை. கூவத்திலும் அடையாற்றின் முகத்துவாரத்திலும் சாக்கடை கலக்கிறது என்பது கரையில் நின்றாலே மூக்குக்குத் தெரியும். சாந்தோமை அடுத்த உடைந்த பாலத்தினருகே மாலை வெயிலில் தூண்டிலோடு நிற்பது கண்ணுக்கு இனியதுதான். அங்கே பிடித்ததைப் பிள்ளைக்குப் பொரித்துக் கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். நம் கருத்தைக் கேட்டால், அந்த நீரில் பிடித்ததைச் சமைக்க வேண்டாம் என்போம். சமைக்கவும் போவதில்லை என்றால் எதற்காகப் பிடிப்பது என்ற அடுத்த கேள்வி வருகிறது.

இந்தக் கேள்வி சிறியதன்று. உயிருள்ள ஒன்றைக் குறியிலக்காக வைத்து விளையாடுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்துத் தடுத்தார்கள். படம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுவதற்காகவே ஒரு மீனின் வாயில் முள்ளை ஏற்றுவதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். மேலைநாட்டுக் காணொளிகளில் அதைப் பெருந்தன்மை என்று காட்டுகிறார்கள். நமக்கு அது ஒப்பவில்லை. உண்பதற்காகப் பிடிப்போம், வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் போதுமானது கிடைத்ததும் நிறுத்துவோம். சிறு மீனும் சினை மீனும் தவறி விழுந்தால் ஈரக் கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி உடனே விடுவோம். உயிர்ப்புழுவையும் உயிர் இறாலையும் நெளிய நெளிய முள்ளில் கோப்பதைவிட, இறந்த இறாலையோ மைதா உருண்டையையோ இரையாக்கினால் பிள்ளையின் கையும் மனமும் கடினப்படாது.

சினை மீனைச் சொல்லும்போது காலத்தையும் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம் அது. நம் பிள்ளைகளின் கோடை விடுமுறை ஏறத்தாழ இதே நாள்களில்தான் வருகிறது. கரையிலிருந்து தூண்டில் போடுபவரை அந்தத் தடை கட்டுப்படுத்தாது. நாம் சட்டத்தை மீறுவதில்லை. ஆயினும் காசிமேட்டில் படகைக் கட்டிவிட்டு அரசு தரும் நிவாரணத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் தொழிலாளியின் முன்னே, பை நிறைய சினை மீனோடு நாம் நடந்து போவது எப்படி இருக்கும்? அந்த இரண்டு மாதங்களில் கையைச் சற்றே அடக்கிக்கொண்டு, ஐப்பசிக்குப் பிறகு வரும் ஞாயிறுகளைத் தேர்ந்தெடுப்பது நாகரிகம்.

அப்படியானால் நாம் எங்கேதான் போகச் சொல்கிறோம்? குடும்பத்தோடு போவோருக்கு முட்டுக்காடு, கோவளம் பக்கத்தைச் சொல்வோம். தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் தர்கா இருக்கும் ஊர் என்பதால் நம்மில் பலருக்குக் கோவளம் புதிதன்று. தொழுகைக்கு இடமும் உளூவுக்குத் தண்ணீரும் தேடி அலைய வேண்டியதில்லை. முட்டுக்காட்டின் உப்பங்கழி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் மூடிக்கொள்வதும், வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தில் உடைத்துக்கொள்வதும் உண்டு. முகம் திறந்திருக்கும் நாள்களில் கடல்நீர் உள்ளே ஏறும்போது மடவையும் கிழங்கானும் அதனோடு வரும். அவற்றைத் துரத்திக்கொண்டு கொடுவா வரும். நீரேற்றத்தை அறிய நமக்குத் தனி அட்டவணை வேண்டியதில்லை. பள்ளிவாசலில் தொங்கும் ஹிஜ்ரி நாட்காட்டியே போதும்: பிறை தெரிந்த முதல் இரண்டு மூன்று நாள்களிலும், 15ஐ ஒட்டிய நாள்களிலும் ஏற்றமும் வற்றமும் மிகுதி, 8, 22 ஆகியவற்றை ஒட்டி நீர் மந்தமாக இருக்கும். பிறையை எண்ணி வாழும் சமுதாயத்துக்கு இது எளிய கணக்கு. முகத்துவாரத்தில் மட்டும் இறங்கி நிற்க வேண்டாம். வெளியேறும் நீர் காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும். மேலேயே கரையில் நின்றால் போதும். மீனவர் படகு இழுக்கும் இடத்தையும் வலை உலர்த்தும் இடத்தையும் விட்டு விலகி அமர வேண்டும். அந்த மணல் அவர்களுடைய பட்டறை.

வடசென்னையார் ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள தூண்டில் வளைவுகளைச் சொல்வார்கள். அந்தப் பெயரே நம்மை அழைப்பதுபோல் இருக்கிறது. ஆனால் அவை கடலரிப்பைத் தடுக்கப் போட்ட பாறைக் குவியல்கள். சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபின், வடக்கு நோக்கி நகரும் மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. வடக்கே கரை அரித்து வீடுகள் கடலுக்குள் போயின. நாம் காற்று வாங்கும் மணல் அவர்கள் இழந்த மணல் என்று சொன்னால் மிகையாகாது. அந்தப் பாறைகளின் நுனியில் மீன் விழும் என்பது உண்மை. பாசி படிந்த கல்லில் கால் வழுக்கினால் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை என்பதும் உண்மை. பெரியவர்கள் இருவராகப் போகலாம், பிள்ளைகளோடு வேண்டாம்.

ஆபத்தில்லாத இடம் ஏன் இத்தனை அரிதாக இருக்கிறது என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்ப் பாருங்கள். பங்களாச் சுவருக்கும் விடுதிச் சுவருக்கும் இடையே கடலுக்குப் போகும் பொதுவழி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. பணமுள்ளவர் அறை எடுத்து அலையைப் பார்க்கிறார். இல்லாதவர் ஆபத்தான பாறைக்கும் அழுக்கான கழிமுகத்துக்கும் தள்ளப்படுகிறார். சிங்கப்பூரில் உறவினர் உள்ள குடும்பங்கள் அங்கே கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் பெடோக் படகுத்துறையைப் பார்த்திருப்பார்கள். கைப்பிடியுள்ள நீண்ட பாலம் கடலுக்குள் நீண்டிருக்கும். தாத்தாவும் பேரனும் ஆளுக்கொரு தூண்டிலோடு நிற்பார்கள். நீர்த்தேக்கங்களில்கூட அனுமதிக்கப்பட்ட இடங்களைக் குறித்து, உயிர் இரை கூடாது, செயற்கை இரைதான் என்று விதி வைத்திருக்கிறார்கள். இப்படி ஒன்றைச் சென்னையில் தூண்டில் போடுவோருக்கென்று நாம் கண்டதில்லை. கேட்டால்தானே கிடைக்கும்? ஒலிபெருக்கிக்கும் கபர்ஸ்தான் சுவருக்கும் மனு கொடுக்கும் ஜமாஅத்துகள் இதற்கும் ஒரு மனு கொடுக்கலாம். மீனவர் பஞ்சாயத்தையும் சேர்த்துக்கொண்டு கேட்டால், படகுக்கு இடைஞ்சலில்லாத இடம் எது என்பதை அவர்களே சொல்வார்கள்.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். நம் வீடுகளில் தூண்டில் என்றால் ஆண்களின் கிளம்பல் என்று ஆகிவிட்டது. உம்மா பிரியாணிச் சட்டியைக் கட்டிக்கொடுப்பதோடு சரி. மறைவான கழிப்பிடமும் தொழ ஒரு மூலையும் இருந்தால் அவர்களும் வருவார்கள். நல்ல இடத்தின் இலக்கணத்தில் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கிளம்பும்போது எடுத்துச் செல்ல வேண்டியவற்றில் ஒரு தொழுகை விரிப்பும் ஒரு காலிப் பையும் இருக்கட்டும். மஃரிப் நேரத்தில்தான் மீன் நன்றாகக் கடிக்கும் என்பதை நாம் அறிவோம். அதனால்தான் விரிப்பை வண்டியில் விடாமல் கையிலேயே வைத்திருக்கச் சொல்கிறோம். காலிப் பை, அறுந்த தங்கூசிக்கும் உடைந்த முள்ளுக்கும். மணலில் விட்டுவந்த நரம்பு மட்கிப் போவதில்லை. நாரையின் காலில் சுற்றும். ஆமையின் கழுத்தில் இறுகும். விடியற்காலையில் வெறுங்காலோடு வலை இழுக்க வரும் மீனவரின் பாதத்தில் அந்த முள் ஏறும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளையாகக் கற்ற பிள்ளைகளிடம் அந்தப் பையைக் கொடுங்கள். நம்முடையதை மட்டுமன்று, முன்பு வந்தவர் விட்டுப்போனதையும் பொறுக்கச் சொல்லுங்கள். மீன் கடிக்காத நேரம் அவர்களுக்கு நிறையவே இருக்கும்.